பள்ளத்து வயல்

நெற்பயிர் தண்ணீரில் முழுக மூழ்கினால் என்ன ஆகும்? நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தானே, அதுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். நிற்பது வேறு, மூழ்குவது வேறு. நுனிவரை மூழ்கிவிட்டால் காற்றும் வெளிச்சமும் குறைந்துபோகும். அப்போது பெரும்பாலான ரகங்கள் எப்படியாவது தண்ணீருக்கு மேலே தலையை நீட்டத்தான் பார்க்கின்றன. சேர்த்துவைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துத் தண்டையும் இலையையும் நீட்டும். இரண்டு மூன்று நாளில் வெள்ளம் வடிந்தால் பிழைத்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் கையிருப்பு தீர்ந்துபோய், வடிந்த பிறகு நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகிவிடும்.

ஒடிசாவில் இருந்த ஒரு நாட்டு ரகம் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. மூழ்கியதும் அது வளர்வதையே நிறுத்திவிடும். இருக்கிற சத்தைச் செலவழிக்காமல் அப்படியே முடங்கிக் கிடக்கும். இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் வடிந்தால், மிச்சம் வைத்திருந்த சத்தைக் கொண்டு மறுபடி துளிர்க்கும். அதன் பெயர் தல்புட்டியா. அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தனியாகப் பிரித்த ரகம் 1950 வாக்கில் எஃப்.ஆர்.13ஏ என்ற பெயரில் அரசாங்கத்தின் மூலம் வந்தது. வெள்ளம் தாங்குவது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்த எஃப்.ஆர்.

வெள்ளத்தைத் தாங்கியது. ஆனா விளைச்சல் குறைவு. வெள்ளம் வராத வருஷத்தில் அதை நட்டவனுக்கு நஷ்டம். வருமா வராதா என்று ஜூன் மாசத்தில் யாருக்குத் தெரியும்? நல்லா விளையும் ரகத்தை நட்டால் வெள்ளத்துக்குப் பயப்படணும், வெள்ளம் தாங்கும் ரகத்தை நட்டால் ஒவ்வொரு வருஷமும் குறைவாக அறுக்கணும். இந்த இரண்டுக்கும் நடுவில் பள்ளத்து வயல்காரர்கள் பல தலைமுறை சூதாடிக்கொண்டிருந்தார்கள்.

எஃப்.ஆர்.13ஏ பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனது. அதை மற்ற ரகங்களோடு கலந்து பார்த்தார்கள். முதலில் வந்த கலப்புகள் வெள்ளம் தாங்கின, ஆனால் அரிசி சரியில்லை, உள்ளூர் விவசாயிக்குப் பிடிக்கவில்லை. 1996இல் கெனாங் ஷூ, டேவிட் மக்கில் இருவரும் இந்தக் குணம் நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கிறது என்று காட்டினார்கள். அந்த இடத்துக்கு சப்1 என்று பெயர். அங்கே இருக்கும் எந்த மரபணு இதைச் செய்கிறது என்பதை 2006இல் பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செர்ரஸ் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். இடம் தெரிந்ததால் வேலை சுலபமானது. கிழக்கிந்தியாவில் பெருவாரியாகப் பயிராகிக்கொண்டிருந்த சுவர்ணா என்ற ரகத்தை எடுத்து, அதில் அந்த ஒரே ஒரு துண்டை மட்டும் சேர்த்தார்கள்.

சுவர்ணா ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கம் மாருடேரு என்ற ஊரின் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. அதன் பெற்றோரில் ஒன்று மசூரி. மசூரியின் கதை இன்னும் பழையது. 1950களில் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு கட்டாக்கில் நடத்திய திட்டத்தில் நம் பக்கத்து நெல்லையும் ஜப்பானிய வகை நெல்லையும் கலந்தார்கள். அதன் சந்ததிகளில் ஒன்று மலேயாவுக்குப் போய் மசூரி ஆனது. நம் ஊர் பொன்னி அந்த மசூரியிலிருந்து வந்ததுதான். பொன்னி அரிசி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு சுவர்ணா சொந்தக்கார நெல்.

எஃப்.ஆர்.13ஏ வழி வந்த ஒரு ரகத்தையும் சுவர்ணாவையும் கலந்து, வந்த நாற்றுகளில் சப்1 எதில் இருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்து, அதை மட்டும் மறுபடி சுவர்ணாவோடு கலந்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்தார்கள். கடைசியில் கிடைத்தது கிட்டத்தட்ட முழு சுவர்ணா, வெள்ளம் தாங்கும் குணத்தோடு. மென்பொருள்காரர்களுக்கு இது பழக்கமான வேலை. ஓடிக்கொண்டிருப்பதைத் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதுவதில்லை, இருக்கும் ஓட்டையை அடைத்து ஒரு பேட்ச் போடுகிறோம். விவசாயிக்குத் தெரிந்த அதே நாள் கணக்கு, அதே சோறு, சந்தையில் அதே விலை. இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல, நெல்லோடு நெல் கலந்தது. 2009இல் இந்தியாவில் சுவர்ணா-சப்1 வெளியானது.

இதுவரை விஞ்ஞானக் கதை. எனக்கு இதில் தூக்கம் கெடுத்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

*

ஒடிசாவில் 128 கிராமங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிக் கிராமங்களில் சில விவசாயிகளுக்கு மட்டும் இந்த விதையை ஐந்து ஐந்து கிலோ கொடுத்து ஒரு ஆய்வு செய்தார்கள். மன்சூர் தர், அலைன் தெ ஜான்வ்ரி, கைல் எமெரிக், எலிசபெத் சடூலே முதலானவர்கள் செய்தது, 2013இல் வெளியானது. பத்து நாள் மூழ்கிய வயலில் சாதாரண சுவர்ணாவைவிட சுவர்ணா-சப்1 சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது. மூழ்காத வயலில் இரண்டும் ஒன்றுதான், குறைவும் இல்லை.

அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வெள்ளம் அடிக்கடி தேங்கும் தாழ்வான நிலங்களில் அதிகமாக இருப்பவர்கள் ஒடுக்கப்பட்ட சாதி விவசாயிகள்.

இது நமக்குப் புதிதா என்ன? எந்த ஊர் வரைபடத்தை எடுத்தாலும் மேடு யார் கையில், பள்ளம் யார் கையில் என்பது தற்செயலாக அமைந்ததில்லை. ஊரின் கழிவு எந்தப் பக்கம் ஓடுகிறதோ, மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறதோ, அங்கேதான் யாரை இருக்கச் சொன்னார்களோ அவர்கள் இருப்பார்கள். வயலுக்கும் அதே கணக்கு. வெள்ளம் சாதி பார்ப்பதில்லை என்று மேடையில் பேசலாம். தண்ணீர் பள்ளம் பார்த்துத்தான் ஓடும், பள்ளத்தைச் சாதி பார்த்துத்தான் பங்கு போட்டிருக்கிறார்கள்.

அதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. வறியவர்களுக்கு உதவணும் என்றால் அரசாங்கம் முதலில் அவர்களைக் கண்டுபிடிக்கணும். பட்டியல் போடணும், சான்றிதழ் கேட்கணும், வரிசையில் நிறுத்தணும். அந்தப் பட்டியலில் வர வேண்டியவர் விடுபடுவதும், வரக் கூடாதவர் நுழைவதும் நமக்குத் தெரிந்த கதைதான். இந்த நெல்லுக்கு எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை. எந்த வயல் மூழ்குகிறதோ அங்கே பலன் தரும். மூழ்குகிற வயல் யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் போகும். யாருக்குப் போய்ச் சேரும் என்ற முடிவு விநியோகிக்கும் நாளில் எடுத்ததல்ல. எந்தக் குணத்தை நெல்லில் சேர்ப்பது என்று பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் முடிவு செய்தார்களே, அன்றைக்கே எடுத்தாகிவிட்டது.

விதை உருவாக்குவது அறிவியல், அதை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் அரசியல் என்றுதான் நாம் பொதுவாகப் பிரித்துவைத்திருக்கிறோம். அந்தப் பிரிவினை தப்பு என்று நினைக்கிறேன். எந்தக் குணத்துக்காக ஒரு ரகத்தை உருவாக்குவது என்ற கேள்வியே அறம் சார்ந்த கேள்விதான். 'நல்ல விதை' என்று பொதுவாக ஒன்று கிடையாது. யாருடைய வயலில் நல்லது என்று கேட்காமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை.

*

என் தொழிலில் 'சராசரி' என்ற எண்ணை யாரும் முழுசாக நம்புவதில்லை. ஒரு செயலி சராசரியாக 200 மில்லி செகண்டில் பதில் சொல்கிறது என்றால், நூறில் ஒருவர் பத்து செகண்ட் காத்திருக்கிறாரா என்று அடுத்ததாகக் கேட்போம். அந்த ஒருவரின் அவஸ்தை சராசரிக்குள் கரைந்து காணாமல் போயிருக்கும். அதனால் கடைசி ஒரு சதவீதத்துக்கென்று தனியாக ஒரு அளவு வைத்திருக்கிறோம். பெரும்பாலும் வாடிக்கையாளர் ஓடிப்போய்விடுவாரே என்ற பயம்தான் காரணம்.

நெல்லுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். புது ரகம் பழையதைவிட அதிகம் விளைகிறதா என்பதுதான் வழக்கமான முதல் கேள்வி. சோதனை வயல் நல்ல மண்ணில், வடிகால் வசதியோடு, நேரத்துக்கு உரம் போட்டு நடப்பது. அப்படிப்பட்ட வயலில் சுவர்ணாவையும் சுவர்ணா-சப்1ஐயும் பக்கத்துப் பக்கத்தில் நட்டால் ஒரே மகசூல்தான் வரும். சராசரியை மட்டும் பார்க்கும் பரீட்சையில் இந்த நெல் தேறவே தேறாது. புதிதாக எதுவும் தரவில்லையே என்று ஓரம் கட்டிவிடலாம். அதன் அருமை தெரியணும் என்றால் வேண்டுமென்றே வயலை மூழ்கடித்துப் பார்க்கணும். மூழ்குகிற வயலும் சோதனைக்குரிய வயல்தான் என்று யாராவது முதலில் சொல்லியிருக்கணும்.

எப்போதும் அப்படிச் சொல்லவில்லை. 1960களில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வந்தபோது, பாசனம் உறுதியாக இருக்கும் மாவட்டங்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தஞ்சாவூர் அதில் ஒன்று. ஏ.டி.டி.27 குறுவைக்கு வந்தது அந்த வேகத்தில்தான். அன்றைய நிலையில் அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் கோதுமை வந்து பசியாறிய நாடு இது, சீக்கிரம் எங்கே அதிகம் விளையுமோ அங்கே பணம் போடுவது ஒரு நியாயம். ஆனால் மொத்த விளைச்சலைக் கூட்டுவது என்ற நியாயத்துக்கும், கடைசியில் நிற்பவரின் நிலையைக் கூட்டுவது என்ற நியாயத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஜான் ரால்ஸ் என்ற தத்துவவாதி இரண்டாவதின் பக்கம் நின்றார். நாம் யாராகப் பிறப்போம் என்று தெரியாமல் ஒரு சமூகத்தின் விதிகளை எழுதச் சொன்னால், அடிமட்டத்தில் இருப்பவருக்கு எது நல்லதோ அதைத்தான் எழுதுவோம் என்பது அவர் வாதம். பிறக்கும்போது மேட்டு வயல் கிடைக்குமா பள்ளத்து வயல் கிடைக்குமா என்று தெரியாத ஒருவர் நெல் ரகத்துக்கான குணப்பட்டியலை எழுதினால் அதில் முதல் வரியில் என்ன இருக்கும்?

*

சரி, இதை ஏன் அரசாங்கம் செய்யணும்? கம்பெனிகள் செய்யக் கூடாதா?

நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். ஒரு முறை விதை வாங்கினால் போதும், அறுவடையில் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாம். கொஞ்ச நஞ்ச கலப்பு வந்தாலும் குணம் பெரும்பாலும் மாறாது. ஐந்து கிலோ விதை ஒரு அறுவடையில் மூட்டைக் கணக்கில் திரும்பி வரும், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். இந்தியாவின் 2001ஆம் வருஷ ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும் விதையை எடுத்துவைக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பிராண்ட் பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆக, ஒரு வாடிக்கையாளர் வாழ்நாளில் ஒரு முறை வாங்குவார், அதுவும் கையில் காசில்லாத வாடிக்கையாளர். இதில் எந்தக் கம்பெனி பணம் போடும்? வீரிய ஒட்டு ரகங்களில் தனியார் ஆர்வம் காட்டுவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதன் விதையை எடுத்துவைத்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் வீரியம் போய்விடும், ஒவ்வொரு வருஷமும் கடைக்குப் போகணும்.

இதில் கம்பெனிகளைத் திட்ட ஒன்றுமில்லை. அவர்கள் கணக்குப்படி அவர்கள் சரி. வியாபாரமாகத் தோற்கும் அதே காரணத்தால்தான் இந்த விதை ஏழைக்கு உதவுகிறது. ஒரு முறை கையில் வந்தால் யாரையும் நம்பி இருக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பலம். அப்படிப்பட்ட பொருளைப் பொதுப்பணத்தில்தான் உருவாக்க முடியும். பலனைப் பார்க்கும் வரை ஆட்சியில் இருப்போமா என்று யோசிக்கும் அரசாங்கங்களுக்கு இது கஷ்டமான முதலீடு. எஃப்.ஆர்.13ஏவிலிருந்து சுவர்ணா-சப்1 வரை கிட்டத்தட்ட 60 வருஷம். அந்த ரகத்தைப் பிரித்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

நாட்டு ரகங்களே போதும், இந்த விஞ்ஞானமெல்லாம் எதுக்கு என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நம்மாழ்வாரும் நெல் ஜெயராமனும் பாரம்பரிய நெல்லை மீட்டுத் தந்த வேலை பெரியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்தக் கதையிலும் மூலதனம் நாட்டு ரகம்தான். தல்புட்டியாவை யாரோ சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடிவாதமாக விதைத்துக் காப்பாற்றாமல் போயிருந்தால் சப்1ஐத் தேட ஒரு இடமே இருந்திருக்காது. அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் ஆசிரியர் வரிசையில் இல்லை. ஆனால் நாட்டு ரகத்தைக் குறைந்த மகசூலோடு அப்படியே நடச் சொல்வது யாரிடம் சொல்லும் அறிவுரை? ஏக்கருக்குச் சில மூட்டை குறைந்தால் தாங்கக்கூடியவர் அதைத் தேர்ந்தெடுக்கலாம். அரை ஏக்கர் வைத்திருப்பவர் அந்த மூட்டைகளைச் சோறாகப் பார்ப்பார். தல்புட்டியாவின் உழவர்களுக்கு நாம் பட்ட கடன், அவர்கள் கண்டுபிடித்ததை அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல விளைச்சலோடு திருப்பிக் கொடுத்தால்தான் தீரும். அதுவும் இலவசமாக, எடுத்துவைத்து விதைக்கும் உரிமையோடு.

*

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பள்ளத்தில் தள்ளப்பட்டவரை மேட்டுக்கு ஏற்றாமல், பள்ளத்திலேயே கொஞ்சம் வசதியாக இருக்க ஏற்பாடு செய்வதுதானே இது? நிலம் பங்கிட்ட விதத்தில் இருக்கும் அநியாயத்தைத் தொடாமல், அதோடு ஒத்துப்போகிற நெல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், அநியாயத்துக்கு ஆயுள் கூடுகிறது. வெள்ளம் வந்தபோதாவது பயிர் அழிந்தது செய்தியாகும், கலெக்டர் வருவார், கேள்வி எழும். இனி அதுவும் இருக்காது.

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தஞ்சைக்கே திரும்பிப் பார்த்தால் போதும். புது நெல்லும் உரமும் வந்த அதே பத்தாண்டில்தான், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை எரித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனா ஒன்று நிச்சயம். களத்தில் நெல் கூடினால் கூலி தானாகக் கூடிவிடாது. அது நிலம் வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நடுவில் இருக்கும் பலத்தைப் பொறுத்தது, நெல் ரகத்தைப் பொறுத்ததல்ல. வாரத்துக்குப் பயிர் வைப்பவரின் வயல் இனி மூழ்கினாலும் விளையும் என்று தெரிந்தால் நிலக்காரர் பங்கை ஏற்றிக் கேட்கலாம். அதைத் தடுக்கும் மரபணு எதுவும் கிடையாது.

விதை பரவும் வழியிலும் இதே பிரச்சினை. எமெரிக் ஒடிசா கிராமங்களில் இன்னொன்றையும் பார்த்தார். விதையைச் சிலரிடம் கொடுத்துவிட்டு அவர்களே ஊருக்குள் பரிமாறிக்கொள்ளட்டும் என்று விட்டால், அது பெரும்பாலும் சொந்தபந்தம், சொந்தச் சாதி என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. வீடு வீடாகப் போய் விற்றபோது வாங்கியவர்களின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. விதை சான்றிதழ் கேட்பதில்லை என்று மேலே எழுதினேன். அதைக் கொடுக்கும் கை கேட்கிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், அந்த ஆட்சேபத்தில் ஒரு இடம் எனக்கு இடிக்கிறது. நிலப் பங்கீடு மாறும் வரை பயிர் அழியட்டும், அப்போதுதான் கேள்வி எழும் என்று சொல்வது, இன்னொருவரின் பட்டினியை நம் அரசியலுக்கு எரிபொருளாக்குவது. அதைச் சொல்லும் உரிமை பட்டினி கிடப்பவருக்கு மட்டும்தான் உண்டு. பயிர் அழிந்தவர் போராட வருவதைவிடக் கடனை அடைக்க நகரத்துக்குச் செங்கல் சுமக்கப் போவதுதான் நடைமுறை. அதே ஆய்வுக்குழு 2016இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை இங்கே உதவுகிறது. சுவர்ணா-சப்1 கையில் வந்தவர்கள் நெல்லை மட்டும் மாற்றவில்லை. கூடுதல் நிலத்தில் பயிர் வைத்தார்கள், விதைத் தெளிப்பை விட்டு நாற்று நட்டார்கள், உரம் போட்டார்கள், கடன் வாங்கத் துணிந்தார்கள். எல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும் என்ற பயம் குறைந்ததும் மனிதர்கள் அடுத்த வருஷத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஏழைகள் துணிய மாட்டார்கள், பழையதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லும் வாய்க்கு இது பதில். அவர்கள் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருந்தது. மூழ்கப்போகும் வயலில் யார் உரம் போடுவார்கள்?

விதை நிலச் சீர்திருத்தத்துக்கு மாற்றல்ல. அப்படி யாராவது சொன்னால், அது ஆட்சியாளர் தன் கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்வது. ஆனால் நிலச் சீர்திருத்தம் வரும் வரை விதை வேண்டாம் என்பதும் அதே அளவு கொடுமை.

*

'பொது' என்ற சொல் மட்டுமே இதற்கு உத்தரவாதம் ஆகிவிடாது. 2021இல் டெல்லியில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பூசா பாஸ்மதி 1979, 1985 என்ற இரண்டு ரகங்களை வெளியிட்டது. இவை ஒரு களைக்கொல்லியைத் தாங்கும். நாற்று நடாமல் நேரடியாக விதைக்கலாம், தண்ணீர் மிச்சமாகும், களையைத் தெளித்தே கொல்லலாம். தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் வட இந்தியாவுக்கு இது நல்ல வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நம் நாட்டில் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் கூலி வேலை. பாஸ்மதி ஏற்றுமதியாகும் நெல். இங்கேயும் யார் பயன்பெறுவார், யார் இழப்பார் என்ற முடிவு ரகத்துக்கான குணத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே நடந்துவிட்டது. அந்த அறையில் களையெடுக்கும் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தால் வேறு முடிவு வந்திருக்குமா? வந்திருக்காமலும் போகலாம். ஆனால் அவருக்கு என்ன மாற்று வேலை என்ற கேள்வி ஒரு முறையாவது மேசைமேல் வந்திருக்கும்.

சப்1 எல்லா வெள்ளத்தையும் தாங்காது. இரண்டு வாரத்தைத் தாண்டித் தண்ணீர் நின்றால் அதுவும் தோற்கும், கதிர் வரும் நேரத்தில் மூழ்கினாலும் தோற்கும். இப்போது அந்தக் குணம் நம் டெல்டாவில் பழகிய சி.ஆர்.1009 நெல்லிலும் வந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பெருமைப்படுவதோடு நிறுத்தாமல், அடுத்த ரகத்துக்கான குணப்பட்டியலை யார் எழுதுகிறார்கள், எந்த வயலில் சோதிக்கிறார்கள், வெளியான விதை ஊரில் எந்தத் தெருவரை போனது என்றும் கேட்கலாம். பட்ஜெட்டைப் பற்றிக் கேட்கிறோம், ரேஷன் அரிசியைப் பற்றிக் கேட்கிறோம். விதையைப் பற்றி மட்டும் விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். சோதனை வயலுக்கு நல்ல வடிகால் உள்ள மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுப்பதும், பள்ளத்து நிலத்தையும் சேர்த்துக்கொள்வதும் ஒரு கோப்பில் ஒரு வரி வித்தியாசம்தான். அந்த வரியை எழுதும் நாளில் அங்கே பள்ளத்து வயல்காரர் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்பது அப்படியொன்றும் பெரிய கோரிக்கை இல்லை.